போர்டோ கலவையும் மாப்பிள்ளைச் சம்பாவும்

மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். கொடிக்கால் வைத்திருந்த வீட்டில் பிறந்தவனுக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டையும் தனித்தனி வாளியில் கரைத்துச் சேர்க்கணும், இரும்புப் பாத்திரம் ஆகாது. சேர்த்த பிறகு கத்தியை முக்கிப் பார்க்கணும். கத்தியில் செம்பு ஒட்டினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடணும். பாபநாசம் பக்கம் எங்கள் கொடிக்காலில் வெற்றிலை வாடினாலும் தென்னையில் குருத்து அழுகினாலும் அப்பா இதைத்தான் எடுப்பார். ‘போடோ மருந்து’ என்பார். போடோ ஏதோ கம்பெனி பெயர் என்றுதான் ஐம்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது ஓர் ஊர். பிரான்சு நாட்டின் தென்மேற்கில், ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். உலகத்துக்கே ஒயின் விற்கிற ஊர்.

இதை எனக்குச் சொன்னவர் காரைக்கால் அத்தான். என் அத்தையைக் கட்டிக்கொடுத்தது காரைக்காலில். 1954 வரை அந்த ஊர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது நமக்குத் தெரியும். இன்றைக்கும் அங்கே பல வீடுகளில் ஓர் ஆளாவது பிரான்சில் இருப்பார். அத்தான் தெற்கு பிரான்சில் மோன்பெலியே என்ற ஊர்ப் பக்கம் இருக்கிறார். போன புதிதில் மூன்று வருடம் திராட்சை அறுவடைக்குக் கூலியாகப் போனவர். போன பங்குனியில் அத்தை வீட்டுக்கு வந்தபோது ஒரு பாட்டிலை என் முன்னால் வைத்தார்.

“குடிக்கக் குடுக்கலடா. படிக்கக் குடுக்கறேன்.”

நான் குடிப்பவன் இல்லை. குடியால் அழிந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அதனால் இந்தக் கட்டுரை யாரையும் ஒயின் பக்கம் இழுக்க எழுதியது இல்லை. பனையும் தென்னையும் வைத்திருக்கிற உழவன் கள் இறக்க 1987 முதல் தடை இருக்கிற மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒயினை விளைபொருள் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிற நாட்டைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பேச்சை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓர் ஊரின் பெயர் பெரிதாக. ஒரு வருடம். கீழே சின்ன எழுத்தில் விளைவித்தவர் பெயர். எந்த ரகத் திராட்சை என்று எங்கேயும் இல்லை.

“ரகம் எங்க அத்தான்?”

“ஊர் பேரச் சொன்னாலே ரகம் தெரிஞ்சிடும். அந்த ஊர்ல இந்த இந்த ரகந்தான் வைக்கலாம்னு சட்டம்.”

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நாம் அரிசிப் பையில் ரகத்தின் பெயரைப் பெரிதாகப் போடுகிறோம், ஊர் எங்கேயோ கீழே முகவரியில் இருக்கும். அவர்கள் ஊரைப் பெரிதாகப் போடுகிறார்கள். ஊர்ப் பெயர்தான் விற்கிறது.

ஒயின் செய்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீன் அமிலமோ பழக்கரைசலோ போட்டவருக்கு இது புரிய ஐந்து நிமிடம் போதும். பழத்தில் சர்க்கரை இருக்கிறது, தோலிலும் கொட்டகையிலும் ஈஸ்ட் இருக்கிறது. நசுக்கிவிட்டால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். நம் டிரம்மில் மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று வருகிறதே, அதே காற்றுதான். பெரிய தொட்டிகளில் அந்தக் காற்று தேங்கி, இறங்கிய ஆள் மயங்கிச் செத்ததும் உண்டு. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு சாராயம் கிடைக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு வரணும் என்றால் பழம் அந்த அளவுக்கு இனிக்கணும். அதனால் எந்த நாளில் அறுப்பது என்பதுதான் அங்கே பெரிய முடிவு. நாம் வெல்லம் போட்டு நொதிக்க வைக்கிறோம், அவர்கள் சர்க்கரையைக் கொடியிலேயே வரவழைக்கிறார்கள்.

சிவப்பு ஒயினுக்கும் வெள்ளைக்கும் என்ன வேறுபாடு? நான் கறுப்புத் திராட்சை, பச்சைத் திராட்சை என்றுதான் நினைத்தேன். பாதிதான் சரி. கறுப்புத் திராட்சையின் சாறும் அநேகமாக நிறமற்றதுதான், நிறம் எல்லாம் தோலில். தோலோடு சேர்த்து ஒரு வாரம், இரண்டு வாரம் நொதிக்க விட்டால் சிவப்பு. முதலிலேயே பிழிந்து சாற்றை மட்டும் நொதிக்க வைத்தால் வெள்ளை. தோலோடு சில மணி நேரம் மட்டும் ஊறினால் இளஞ்சிவப்பு. அதன் பிறகு அடிவண்டலை விட்டுத் தெளிவை இறுத்து, தொட்டியிலோ ஓக் மரப்பீப்பாயிலோ மாதக்கணக்கில் வைப்பார்கள். அப்போது தயிரை உறைய வைக்கிற நுண்ணுயிருக்கு உறவுக்காரன் ஒருவன் வந்து புளிப்பைக் கொஞ்சம் குறைப்பான். கெட்டுப்போகாமல் இருக்கக் கந்தகத்தைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். சாதாரணச் சிவப்பு ஒயினில் அது லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை போகலாம், இயற்கை வேளாண் சான்று பெற்றதில் 100தான். இந்த நுண்ணுயிர் ரகசியத்தை 1860களில் உட்கார்ந்து ஆராய்ந்தவர் லூயி பாஸ்டர். பால் காய்ச்சும் முறைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் அந்தச் சூடுபடுத்தும் வேலை முதலில் ஒயின் கெடாமல் இருக்கத்தான் நடந்தது.

இனி ஊர்கள். எல்லாவற்றையும் சொல்ல இடம் போதாது.

போர்டோவில் கரோன், டோர்டோன் என்று இரண்டு ஆறுகள் வந்து கூடி ஜிரோந்து என்ற பெயரில் கடலுக்குப் போகின்றன. இடக்கரை சரளை மண், அங்கே காபர்னே சோவிஞ்ஞோன் ரகம் நன்றாக வரும். வலக்கரையில் களி அதிகம், அங்கே மெர்லோ. ஆற்றின் இந்தப் பக்கம் ஒரு ரகம், அந்தப் பக்கம் ஒரு ரகம். படுகையில் வெற்றிலையும் வாழையும், உள்ளே களியில் நெல்லும் வைக்கிற நமக்கு இது விளங்காதா?

பர்கண்டி எனக்கு மிகவும் பிடித்த கதை. அங்கே சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்டனே என்று அநேகமாக இரண்டே ரகம்தான். ஆனால் ஒரு வரப்பு தாண்டினால் பெயர் மாறும், விலை மாறும். மடத்துத் துறவிகள் நூற்றாண்டுக் கணக்கில் எந்தத் துண்டில் என்ன ருசி என்று பார்த்துப் பார்த்துச் சுவர் கட்டிப் பிரித்த நிலம். 2015-ல் யுனெஸ்கோ அந்தத் துண்டுகளையே உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நிலமும் நம்ம ஊர் மாதிரிப் பங்கு பிரிந்து பிரிந்து கிடக்கிறது. க்லோ த வூஜோ என்று ஒரு சுவருக்குள் சுமார் 125 ஏக்கர், அதற்குச் சுமார் 80 உரிமையாளர்கள். உலகத்தில் அதிக விலைக்குப் போகிற ஒயின்களில் ஒன்றான ரொமனே கோந்தியின் மொத்த நிலம் நாலரை ஏக்கர். நம் கணக்கில் பதின்மூன்று மா சொச்சம். ‘சிறு விவசாயி என்ன செய்ய முடியும்’ என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் இப்போது சொல்லி வருகிறேன்.

வடகிழக்கில் ஷாம்பெயின், சுண்ணாம்புப் பாறை நிலம். பாட்டிலுக்குள் இரண்டாவது தடவை நொதிக்க வைப்பதால் நுரைக்கும். செர்மனி எல்லையில் அல்சாஸ், அங்கே நம்மைப் போல ரகத்தின் பெயரையும் போடுவார்கள். லுவார் ஆற்றங்கரை, போஜோலே எல்லாம் இருக்கின்றன. போஜோலேயின் புது ஒயின் நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வெளியே வரும், ஏறத்தாழ நம் புத்தரிசி மாதிரி. தெற்கே ரோன் பள்ளத்தாக்கு, அதற்கும் தெற்கே கடலோரமாக லாங்டாக். அத்தான் இருப்பது அங்கேதான்.

இந்த மண், சரிவு, காற்று, மழை, ஊர்ப் பழக்கம் எல்லாம் சேர்ந்ததை அவர்கள் ‘தெர்வார்’ என்கிறார்கள். நம் காதுக்குத் தெருக்காரர் மாதிரி கேட்கும். நாம் ‘மண்வாகு’ என்கிறோம். மண்வாகு நமக்கும் இருக்கிறது. அப்புறம் ஏன் அவன் நாலரை ஏக்கரில் அப்படி, நான் நாலு ஏக்கரில் இப்படி?

அத்தானிடம் இதைக் கேட்டேன். “அது தானா வந்ததுன்னு நெனைக்காத. செத்திருக்காங்க” என்றார்.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த திராட்சைச் செடிகளோடு ஃபிலாக்சரா என்ற பேன் போன்ற பூச்சி வந்தது. வேரைத் தின்றது. பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதி பட்டுப்போனது. கடைசியில் தீர்வும் அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. அந்தப் பூச்சியைத் தாங்குகிற அமெரிக்கக் காட்டுக் கொடியின் வேரில் பிரெஞ்சு ரகத்தை ஒட்டுக் கட்டினார்கள். இன்றைக்கும் அங்கே அநேகமாக எல்லாக் கொடியும் ஒட்டுத்தான்.

பின்னாலேயே 1878-ல் அடிச்சாம்பல் நோய் வந்தது. போர்டோ பக்கம் மெடோக்கில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்திருந்தார்கள், பார்க்க விஷம் மாதிரி இருக்கட்டும் என்று. அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிரவில்லை. 1882-ல் இதைக் கவனித்தவர் மிலார்டே என்ற தாவரவியல் பேராசிரியர். சோதித்து 1885-ல் வெளியிட்டார். அப்பாவின் போடோ மருந்து அங்கிருந்து வந்ததுதான். திருட்டுக்குப் பயந்த உழவன் கண்டுபிடித்தது, பேராசிரியர் பெயர் வாங்கிக்கொண்டார்!

கொடி பட்டுப்போன காலத்தில் ஒயினுக்குத் தட்டுப்பாடு. சர்க்கரையும் தண்ணீரும் கலந்து கள்ள ஒயின் செய்கிறவர்கள் பெருகினார்கள். கொடி மறுபடி தழைத்த பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. விளைந்த திராட்சைக்கு மேலே ஒயின் சந்தையில் ஓடியது, விலை விழுந்தது. லாங்டாக்கில் உழவர்கள் கடனில் மூழ்கினார்கள். 1907 மார்ச் 11 அன்று அர்ஜெலியே என்ற சின்ன ஊரிலிருந்து 87 பேர் நார்பான் நகரத்துக்கு நடந்து போனார்கள். தலைமை தாங்கியவர் மார்சலான் அல்பேர், டீக்கடை மாதிரி ஒரு கடையும் கொஞ்சம் தோட்டமும் வைத்திருந்தவர். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை ஓர் ஊரில் கூட்டம். ஜூன் 9 அன்று மோன்பெலியேயில் கூடியது ஐந்து லட்சத்துக்கும் மேல். நார்பானில் ராணுவம் சுட்டு ஆட்கள் செத்தார்கள். செய்தி கேட்டு, உள்ளூர்ப் பிள்ளைகள் நிறைந்த 17-ஆம் படைப்பிரிவு ஆயுதத்தோடு கலகம் செய்து ஊர்ப் பக்கம் நடந்துவிட்டது.

அல்பேர் பாரிசுக்குப் போய்ப் பிரதமர் கிளமான்சோவைப் பார்த்தார். அவர் ஊர் திரும்ப ரயிலுக்கென்று நூறு பிராங்க் கொடுத்தார், இவரும் வெள்ளந்தியாக வாங்கிக்கொண்டார். பிரதமர் அதைப் பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டார். ‘பணம் வாங்கிட்டு வந்துட்டான்’ என்று சொந்த ஊரே பேசியது. போராட்டத்தில் தலைமை ஏற்றவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கவும்.

ஆனாலும் சட்டம் வந்தது. அந்த ஜூன் மாத இறுதியிலேயே கலப்படத்துக்கு எதிரான சட்டம். செப்டம்பரில், புதுத் திராட்சையோ அதன் சாறோ நொதித்து வந்தது மட்டுமே ஒயின் என்று ஆணை. கலப்படத்தைப் பிடிக்கத் தனி அதிகாரிகள். அதற்கு ஆறு வருடம் முன்பே, 1901-ல், மரோசான் என்ற ஊரில் சிறு உழவர்கள் சேர்ந்து ஒயினைக் கூட்டுறவாக விற்கத் தொடங்கியிருந்தார்கள். பிறகு தெற்கே ஊருக்கு ஊர் அப்படிக் கூட்டுறவுக் கூடம் எழும்பியது.

இந்தக் கதையை அத்தான் சொல்லும்போது எனக்கு என் நெல்தான் ஞாபகம் வந்தது. மூன்று வருடம் முன்னால் எங்கள் ஊரில் மாப்பிள்ளைச் சம்பா நட்டவர்கள் நாலே பேர். நான் எட்டு மூட்டை ஒரு வியாபாரியிடம் கொடுத்தேன், மற்ற மூன்று பேரும் அவரிடமே கொடுத்தார்கள். அடுத்த ஆடியில் சென்னையில் என் மகள், எங்கள் ஊர்ப் பெயர் போட்ட ‘பாரம்பரிய மாப்பிள்ளைச் சம்பா’ பையைக் கடையில் பார்த்து வாங்கி வந்தாள். தட்டில் கொட்டிப் பார்த்தேன். மூன்று வித அரிசி. ஒன்று நம்முடையது, மற்ற இரண்டும் ஏதோ சிவப்பரிசி. நாங்கள் நாலு பேர் விளைவித்ததை அடுக்கினால் ஓர் அறை நிரம்பாது. அந்தப் பை ஊர் ஊராகக் கடைகளில் நின்றது. கேட்டதற்கு, “உங்க ஊரு பேரு உங்களுக்கு மட்டும் சொந்தமா?” என்றார். பதில் தெரியாமல் வந்துவிட்டேன். சர்க்கரைத் தண்ணீர் ஒயினைப் பார்த்த லாங்டாக் உழவனுக்கு என் முகம் தெரிந்திருக்கும்.

அந்தக் கேள்விக்குப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதிய பதில்தான் அந்தப் பாட்டிலில் இருந்த ஊர்ப்பெயர். ரோன் பள்ளத்தாக்கில் ஷாத்தோநெஃப் டு பாப் என்று ஓர் ஊர். 1923-ல் ஊர் உழவர்கள், வக்கீலுக்குப் படித்துத் தோட்டமும் வைத்திருந்த லெ ருவா என்பவரிடம் போனார்கள், எங்கள் பெயரைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று. அவர், முதலில் நமக்கு நாமே விதி போட்டுக்கொள்வோம் என்றார். நிலத்துக்கு எல்லை எப்படி? காட்டு லாவண்டரும் தைம் செடியும் முளைக்கிற அளவுக்கு வறண்ட நிலம் மட்டும் சேர்த்தி. இன்னின்ன ரகங்கள் மட்டும், அதற்கு மேல் ஆகாது. அறுவடையில் குறைந்தது நூற்றுக்கு ஐந்து பங்கைக் கழித்துத் தள்ள வேண்டும். பிறகு வந்த விதிப்படி மகசூல் ஹெக்டேருக்கு 3,500 லிட்டருக்கு மேல் போகக்கூடாது, அதாவது ஏக்கருக்குச் சுமார் 1,400 லிட்டர். அதற்கு மேல் விளைந்தால் அந்தப் பெயரைப் போட முடியாது. காய்க்கிற கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதும் பெயர் பெற்ற பகுதிகளில் பெரும்பாலும் தடை, கடும் வறட்சியில் அனுமதி வாங்கிப் பாய்ச்சலாம். 1935-ல் நாடு முழுவதற்கும் இந்த முறை சட்டமானது.

மாவுக்கு எத்தனை மூட்டை என்று டீக்கடையில் போட்டி போட்டு வளர்ந்தவன் நான். கூடுதலாக விளைவித்தால் பெயர் போய்விடும் என்று ஒரு விதி இருக்க முடியும் என்பதே எனக்குப் புதிது. ஆனால் உரம் போட்டுத் தள்ளினால் மாப்பிள்ளைச் சம்பா சாய்ந்துவிடும், ருசியும் போகும் என்று நமக்கும் தெரியும்தானே.

அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஒயின் திராட்சை அங்கே மருந்து அதிகம் குடிக்கிற பயிர். பூச்சிக்கொல்லியோடு வேலை செய்த உழவர்களுக்கு வரும் நடுக்குவாத நோயை, பார்க்கின்சன் என்கிறோமே அதை, 2012-ல் பிரான்சு தொழில்சார் நோயாக ஏற்றுக்கொண்டது. இப்போது திராட்சைப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இயற்கை வேளாண்மைக்கு மாறியிருக்கிறது. அவர்களுக்கும் போர்டோ கலவையை விட முடியவில்லை. செம்பு மக்காது, மண்ணிலேயே தங்கும், மண்புழுவுக்கு ஆகாது. அதனால் ஏழு வருடத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புக்கு மேல் போடக்கூடாது என்று ஐரோப்பாவில் கணக்கு. ‘போர்டோ இயற்கைதானே’ என்று மாதம் ஒரு தடவை ஊற்றுகிற நம் நண்பர்கள் யோசிக்க வேண்டும். விற்பனையும் சரிகிறது. 2023 முதல் போர்டோவிலேயே கொடியைப் பிடுங்கினால் ஹெக்டேருக்கு 6,000 யூரோ என்று உதவித்தொகை கொடுத்தார்கள். பெயர் இருந்தாலும் வாங்க ஆள் வேண்டும்.

நம் பக்கம் என்ன இருக்கிறது? கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். பிரான்சில் குளிர்காலத்தில் கொடி தூங்கும், வருடம் ஓர் அறுவடை. கம்பத்தில் குளிர் இல்லை, கவாத்து செய்துதான் கொடியை எழுப்புகிறார்கள், பந்தலில் ஏதாவது ஒரு தோட்டத்தில் எப்போதும் பழம் இருக்கும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025-ல் நம் கும்பகோணம் வெற்றிலைக்கும், ராமநாதபுரம் சித்திரைக்கார் அரிசிக்கும் கிடைத்தது. அப்பா இருந்திருந்தால் வெற்றிலைச் செய்தியைக் கேட்டு ஒரு கவுளியைத் தெருவுக்கே கொடுத்திருப்பார்.

ஆனால் குறியீடு வந்து என்ன மாறியது என்று கொடிக்கால்காரர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். சான்றிதழ் வந்தது, கவுளி விலை ஏறவில்லை. எந்தப் படுகை சேர்த்தி, எப்படி விளைவிக்கணும், யார் வந்து பார்ப்பார், பொய் சொன்னவனுக்கு என்ன தண்டனை என்பதெல்லாம் கொடிக்கால்வரை வந்து சேரவில்லை. அவன் முதலில் ஊர் கூடி விதி போட்டான், பிறகு சட்டம் வந்தது. நாம் தாளை முதலில் வாங்கிவிட்டோம். இன்னொன்று. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார்கள். எல்லை போட்டாயிற்று. அந்த எல்லைக்குள் விளைகிற அரிசிக்குத் தஞ்சாவூர்ப் பெயர் ஒன்று இல்லை. நெல் ஜெயராமன் 174 ரகங்களை மீட்டு நம் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ரகம் பிழைத்தது, அதன் பெயரை யார் வேண்டுமானாலும் பையில் அச்சடிக்கிறார்கள்.

அத்தான் ஊருக்குப் போகும் முன் பாட்டிலைக் காலி செய்து கழுவிக் கொடுத்தார். நிறை பாட்டிலோடு சோதனைச் சாவடி தாண்ட எனக்குத் தைரியம் இல்லை. இப்போது அதில் மாப்பிள்ளைச் சம்பா விதை மாதிரி இருக்கிறது, வேப்பிலையோடு.

மேட்டூர் திறப்பதற்குப் பத்து நாள் முன்னால் எங்கள் நாலு பேரோடு இன்னும் ஏழு பேர் சேர்ந்து வாய்க்கால் மதகுப் பக்கம் உட்கார்ந்தோம். ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் யார் யாருக்கு எந்தச் சர்வே எண், எத்தனை மா, எந்த வாய்க்கால் பாசனம் என்று எழுதினோம். விதை ஒரே வீட்டிலிருந்து, நாற்றங்காலை எல்லோரும் போய்ப் பார்ப்பது, கலப்பு நெல்லைப் பூக்கும்போதே பிடுங்குவது, இதுவரை சண்டை இல்லை. நான்காவது விதி, மாவுக்கு இத்தனை மூட்டைக்கு மேல் விளைந்தால் ஊர்ப் பெயர் போடக்கூடாது என்று நான் சொன்னேன்.

“ஏண்ணே, விளையறதே கொறச்சல், அதுல தடை வேறயா?” என்று எழுந்தார் கடைமடைக்காரர் ஒருவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தண்ணீர் கடைசியில் வரும் அவருக்கு ஒரு வருடம் நன்றாக விளைந்தால்தான் இரண்டு வருடக் கடன் அடையும். அந்த வரியை மட்டும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறோம். நடவு முடிந்ததும் மறுபடி கூடுகிறோம்.